பிறந்த கதை: லோகோவில் நின்ற டேப்லெட்டும் தில்லையில் பூட்டிய அறையும்

கேள்வி (தேவனாம்பட்டினம்): டேப்லெட்டில் புதிய இயங்குதளம் ஏற்றும்போது அது லோகோவிலேயே நின்றுவிட்டால், மீட்புப் பென்டிரைவ் போட்டு எழுப்ப வேண்டும் என்கிறார்கள். எப்படி எழுப்புவது? இந்த வழக்கம் எங்கே பிறந்தது?

பதில்: முதல் பாதிக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். கருவியின் உறுப்புகள் அனைத்தையும் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளத்தை மாற்றும் முன் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றம் பாதியில் நின்றால், அந்த மாடலுக்கென்றே வெளியிடப்பட்ட மீட்புக் கோப்பை வேறொரு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் எழுதிச் செருகி, விண்டோஸ் டேப்லெட்டுகள் பலவற்றில் ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடியே பவர் பொத்தானைத் தட்டி எழுப்ப வேண்டும். எஞ்சியது காத்திருத்தல் ஆகையால் அதை விட்டுவிட்டுப் பிறப்புக்குச் செல்லலாம்.

மீட்பு ஊடகத்தின் மூதாதை ஃபிளாப்பி வட்டு. கடிதம் தட்டச்சு செய்து சேமிப்பதற்காகவே ஃபிளாப்பி கண்டுபிடிக்கப்பட்டது என்ற நம்பிக்கை, அதை ‘சேமி’ என்னும் குறியாக மட்டும் அறிந்த தலைமுறையிடமும் பரவியிருக்கிறது. உண்மையில் அது பிறந்தபோது அதில் பயனர் ஓர் எழுத்தைக்கூட எழுத முடியாது. ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/370 கணினிகளில் பழைய காந்த வளைய நினைவகத்தை விடுத்துக் குறைக்கடத்தி நினைவகத்துக்கு மாறியபோது, மின்சாரம் போனதும் நினைவும் போயிற்று. எனவே ஒவ்வொரு முறையும் அடிப்படைக் கட்டளைகளைத் திரும்ப ஏற்றவும், திருத்தப்பட்ட கட்டளைகளை வாடிக்கையாளருக்கு அனுப்பவும் மலிவான ஒரு பொருள் தேவைப்பட்டது. டேவிட் நோபிள் என்னும் பொறியாளர் முதலில் நாடாவில் முயன்று, அது சரிப்படாமல், வளையும் தகட்டுக்கு வந்தார். 1971இல் வெளிவந்த அந்த வட்டு 8 அங்குல அகலமும் ஏறத்தாழ 80 கிலோபைட் கொள்ளளவும் உடையது. படிக்க மட்டுமே இயன்றது. தூசு பட்டால் கெட்டதால் அதற்கு உறை போட்டு, உறைக்குள் தூசு துடைக்கும் துணியும் வைத்தார்கள். ஆகவே, முதல் ஃபிளாப்பி தன்னைத் தானே துடைத்துக்கொண்ட மீட்பு வட்டு என்றும், அதில் கடிதம் எழுதியது பிற்காலத்தார் செய்த அத்துமீறல் என்றும் கொள்வதே முறை.

கேள்வி (சிதம்பரம்): கணினி எழுவதை ‘பூட்’ ஆவது என்பது, சேற்றில் சிக்கிய மூன்சாசன் பிரபு தம் பூட்ஸின் வாரைப் பிடித்துத் தம்மையே தூக்கிக்கொண்ட கதையிலிருந்து வந்ததாமே?

பதில்: உறுப்பு மாறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேறிய அக்கதையின் ஜெர்மன் வடிவத்தில் பிரபு பிடித்தது தம் பின்னலை. குதிரையைத் தொடையால் இடுக்கிக்கொண்டு, குதிரையோடு சேர்த்துத் தம்மைத் தூக்கிக்கொள்கிறார். பூட்ஸ் வாரைப் பிடித்துத் தானே எழுதல் என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், நடக்கவே நடக்காத காரியத்தைக் கேலி செய்யப் பிறந்த தனி வழக்கு. 1952இல் அறிமுகமான ஐபிஎம் 701 கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் முதல் சில கட்டளைகள் மட்டும் உள்ளே வரும். அவை மற்றவற்றை இழுத்துக்கொண்டு வரும். நடக்காத காரியம் நடந்துவிட்டதால் கேலிப்பெயர் கலைச்சொல் ஆயிற்று. பிரபுவின் கதையே மூலமாக இருந்திருப்பின், கணினி இன்று பூட் ஆகாமல் குடுமி ஆகியிருக்கும். அச்சொல்லுக்குத் தில்லையில் விளக்கமும் தேவைப்பட்டிராது.

கேள்வி (கடலூர் முதுநகர்): டேப்லெட்டுக்குள்ளேயே மீட்புப் பகுதி இருக்கிறதே, பிறகு தனியாகப் பென்டிரைவ் எதற்கு?

பதில்: இதற்கான விடை தேவனாம்பட்டினத்தில் கெடிலத்தின் கரையில் கிடக்கிறது. (இந்தக் கேள்வி-பதில் பகுதி எல்லாவற்றையும் தேவனாம்பட்டினத்தில் கொண்டுபோய் முடிக்கிறது என்ற புகார் முன்பே வந்து சேர்ந்திருக்கிறது, இந்த முறை அது நியாயம்.)

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி, எலிஹு யேல் சென்னையில் ஆளுநராக இருந்தபோது, மராத்தியரிடமிருந்து இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு எட்டும் வரையிலான நிலமும் அந்த விலைக்குள் அடக்கம் என்பது ஒப்பந்தமாகையால், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்தவை ‘குண்டு கிராமங்கள்’ எனப் பெயர் பெற்றன. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிடப்பட்ட அது, 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தபோது தன் பிறவிப்பயனை அடைந்தது. தலைமையிடம் லோகோவில் நின்றுவிட, கம்பெனியின் சோழமண்டலக்கரை நிருவாகம் முழுவதும் தேவனாம்பட்டினத்திலிருந்து எழுந்து ஓடியது. 1749இல் சென்னை திரும்பக் கிடைத்த பின்பும் 1752 வரை தலைமையிடம் இங்கேயே இருந்தது. உலகின் முதல் மீட்பு ஊடகம் இதுவே என்று இப்பகுதி ஐயமின்றி அறிவிக்கிறது. வாங்கியவர்களின் நோக்கம் வாணிகமே என்று வரலாற்றாசிரியர்கள் மறுப்பார்களாயின், ஃபிளாப்பியின் நோக்கமும் பிற்காலத்தில் மாறியதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

கோட்டை பயன்பட்டதற்குக் காரணம், அது சென்னைக்குள் இல்லாமல் பல காதம் தெற்கே இருந்ததே. டேப்லெட்டுக்குள் இருக்கும் மீட்புப் பகுதி என்பது, அதே சேமிப்புச் சில்லில் வேலியிட்டு ஒதுக்கிய ஒரு மூலை. இயங்குதளம் மட்டும் கெட்டால் அது காப்பாற்றும், சில்லே கெட்டால் அதுவும் உடன்கட்டை ஏறும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், ஆதரிக்கும் கருவிகளில் இயங்குதளத்துக்கு இரண்டு இடங்களை ஒதுக்கி, ஒன்று ஓடும்போதே மற்றொன்றில் புதியதை எழுதி, புதியது எழாவிட்டால் பழையதற்கே திரும்பும் ஏற்பாடு வந்தது. அது நல்ல ஏற்பாடு. எனினும் இரண்டு இடங்களும் ஒரே கூரையின் கீழ்தான். 2013 அக்டோபரில் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகள் சில, விண்டோஸ் ஆர்டி 8.1க்கு மாறும்போது தொடக்கப் பதிவு சிதைந்து எழ மறுத்தன. மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிப்பைச் சில நாள் நிறுத்திவைத்து, மீட்புப் பென்டிரைவுக்கான கோப்பை வெளியிட்டது; செத்த டேப்லெட்டை எழுப்ப உயிருள்ள இன்னொரு கணினி வேண்டியிருந்தது. இதைத்தான் தேவனாம்பட்டினம் முன்பே சொல்லியிருந்தது.

கோட்டையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும்: 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார், பின்னர் அவர் முற்றுகையிட்ட சென்னையோ விழவில்லை. மீட்பு ஊடகம் முதலில் கெட்டு, மூலம் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி (அண்ணாமலை நகர்): பென்டிரைவால் விண்டோஸ் ஏற்றியதும் டேப்லெட் எழுந்துவிட்டது, திரையைத் தொட்டால் மட்டும் அசையவில்லை. ஏன்?

பதில்: டிரைவர் இல்லை. இயங்குதளத்துக்கும் ஓர் உறுப்புக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சிறு மென்பொருளே டிரைவர். பொதுவான நிறுவல் கோப்பில் அந்த மாடலின் தொடுதிரைக்கு உரியது பல வேளை இருப்பதில்லை. யு.எஸ்.பி. கருவிகளை இணைக்க உதவும் ஓ.டி.ஜி. கேபிளில் மவுஸ் மாட்டி, தயாரிப்பாளர் தரும் டிரைவரை ஏற்ற வேண்டும். உடல் மீண்ட பின்னும் புலன் மீளாத இந்நிலையை, கேள்வி வந்த ஊருக்கு அருகிலேயே ஒரு பழங்கதை விளக்கியிருக்கிறது.

உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணத்தின்படி, சைவ அடியார் மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. நம்பியாண்டார் நம்பி அதை அறிந்து சொல்ல, பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறக்காது என்று அந்தணர் மறுக்க, மன்னன் மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து கடவுச்சொல்லைக் கடந்தான். இம்மன்னன் முதலாம் இராசராசன் எனப் பெரும்பாலும் கொள்வர். உள்ளே கரையான் புற்று; எண்ணெய் சொரிந்து எடுக்கப்பட்டவை போக மற்றவை அழிந்திருந்தன; இக்காலத்துக்கு வேண்டியவை மட்டுமே வைக்கப்பட்டன என்று ஒரு குரல் ஆறுதல் சொல்லிற்று. மீட்பு முடிந்ததும் சில கோப்புகள் கிடைக்கவில்லை என்று திரையில் தோன்றும் அறிவிப்பு, இவ்வளவு கனிவாக எழுதப்படுவதில்லை.

சொல் கிடைத்தது, பண், அதாவது பாடலின் இசைவகுப்பு, ஏட்டில் இல்லை. ஆகவே தேவாரத்தை யாழில் இசைத்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூரில், இன்று கடலூர் மாவட்டத்து இராசேந்திரப்பட்டினமாக உள்ள ஊரில், அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவர் வழியே பண் வகுக்கப்பட்டது என்கிறது புராணம். டிரைவர் இருந்தது அறைக்குள் அன்று, ஒரு பெண்ணின் தொண்டையில்.

அதுவரை தேவாரத்தை ஒருவருமே அறியார் என்ற நம்பிக்கை மட்டும் நிற்காது: இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு கோயிலில் திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாடுவாரைக் குறிக்கிறது. பூட்டிய அறையைக் கரையான் தின்ற காலத்திலும் பாடும் வாய்கள் படியெடுத்துக்கொண்டே இருந்தன. இராசராசனும் தஞ்சைப் பெரிய கோயிலில் பதியம் பாட 48 பேரை அமர்த்தினான். ஏட்டில் விடுபட்ட திருவிடைவாய்ப் பதிகம் ஒன்று, 20ஆம் நூற்றாண்டில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. பூட்டி வைப்பது பாதுகாப்பு அன்று, படியெடுப்பதே பாதுகாப்பு என்று இப்பகுதி எந்தக் கேள்விக்கும் எழுதிவருவது இதனால்தான்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): டேப்லெட் என்றால் மாத்திரை அல்லவா? அதைச் சாப்பாட்டுக்கு முன் எடுக்க வேண்டுமா, பின்னா?

பதில்: சிறு பலகை என்னும் பொருளுடைய ஒரே சொல்லிலிருந்துதான் இரண்டும் வந்தன; விழுங்க முடியாததில்தான் இயங்குதளம் ஏற்ற வேண்டும். மாத்திரை என்னும் தமிழ்ச்சொல்லோ அளவைக் குறிப்பது. கண் இமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இசை குறைந்த இடத்தில் நெடில் தன் அளவைக் கடந்து ஒலிப்பது அளபெடை. எனவே, புதிய பதிப்பு ஏறும்போது ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்ற அறிவிப்பு முக்கால் மணி நேரமாக அசையாமல் நின்றால், பவர் பொத்தானை அழுத்திவிடாமல், நிமிடம் அளபெடுத்திருக்கிறது என்று எண்ணிச் சாப்பிடப் போவதே நன்று.