கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள யாழினிக்கு,

உன் சிறுகதைத் தொகுப்பைப் போட ஒரு பதிப்பகம் முன்வந்திருப்பது நல்ல சேதி. ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி, "கையெழுத்துப் போட்டுடட்டுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். பொறு. ஆறாவது பத்தியை இன்னொரு தரம் படி: 'இன்றுள்ளதும் இனி வரக்கூடியதுமான எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக.' ஆனால் ராயல்டி பற்றிப் பேசும் இடத்தில் அச்சுப் புத்தகத்துக்குப் பத்து சதவீதம் என்று மட்டும் இருக்கிறது. மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் எவ்வளவு? மூச்சே இல்லை.

நீ எழுதி முடித்தபோதே பதிப்புரிமை உன்னுடையதாகிவிட்டது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தியச் சட்டப்படி அது உன் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் செல்லும். அதைத்தான் ஒரு பத்தியில் எழுதிக் கேட்கிறார்கள்.

முன்பெல்லாம் அச்சிட்ட படிகள் தீர்ந்து, மறுபதிப்பும் வராவிட்டால், "உரிமையைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுத்தாளர் போய்க் கேட்கலாம். மின்னூல் தீர்வதே இல்லை. ஆண்டுக்கு இரண்டு பேர் வாங்கினாலும் 'புத்தகம் விற்பனையில் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். ஆகவே கால வரம்பு இல்லாத ஒப்பந்தம் இப்போது முன்னைவிட ஆபத்து.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உன் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் 5 ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். 2012இல் செய்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: ஒப்பந்தம் எழுதிய நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டுச் சொன்னாலொழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'இனி வரக்கூடிய' என்ற சொற்கள் ஏன் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று இப்போது புரிகிறதா? சட்டம் உனக்குத் தரும் மூன்று பாதுகாப்புகளுக்கும் எதிராக எழுதியவை அவை.

"அப்படியானால் நானே அமேசானின் கிண்டிலில் போட்டுக்கொள்கிறேன்" என்பாய். போடலாம், 2016இன் இறுதியிலிருந்து தமிழ் மின்னூல்களும் அங்கே விற்கின்றன. 200 ரூபாய் அச்சுப் புத்தகத்தில் உனக்கு 20 ரூபாய் வரும். அங்கே 100 ரூபாய் மின்னூலுக்கு 70 சதவீதத் திட்டத்தில், கோப்பை அனுப்பும் கட்டணம் போக, 70 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் இந்திய விற்பனையில் அந்த 70 சதவீதம் வேண்டுமென்றால் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும், உன் சொந்தத் தளத்தில்கூட, விற்கக் கூடாது. நீ நிறுத்தாவிட்டால் அடுத்த 90 நாளுக்கு அதுவே புதுப்பித்துக்கொள்ளும். சேராவிட்டால் 35 சதவீதம்தான். பிழைதிருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம் உன் தலையில். பதிப்பகம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து தருமானால் அந்தப் பத்து சதவீதம் மோசமில்லை.

கடைக்காரர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டின் மின்பதிப்புகளையும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது. ஏற்றியவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லை என்பதே காரணம். எதிர்ப்புக் கிளம்பியதும் அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். இந்தத் தொழிலில் கடைசிப் பேச்சு எப்போதும் 'உரிமை யாரிடம்?' என்பதில்தான் வந்து நிற்கும்.

ஆகவே ஆறாவது பத்தியை அடித்துவிட்டு இப்படி எழுதித் தரச் சொல்: தமிழ், அச்சு வடிவம், இந்தியா, 5 ஆண்டு. மின்னூலும் வேண்டுமென்றால் அதற்குத் தனி ராயல்டி, ஆண்டுதோறும் விற்பனைக் கணக்கு. ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் மூன்றும் உன்னிடமே இருக்கட்டும். திருத்தம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதே. நல்ல பதிப்பாளர் பேசித் தீர்த்துக்கொள்வார். பேசவே மறுப்பவரிடம் உன் முதல் புத்தகத்தைக் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா