எச்.பி.யைப் பார்த்து ஷாஃப்ட் வாங்கலாமா?

சம்பா நடவுக்குச் சேறு ஓட்டும்போது எங்க மாமாவின் டிராக்டரில் ரோட்டாவேட்டர் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. புதுசு வாங்க அவரோடு நானும் உத்திரமேரூர் பட்டறைக்குப் போனேன்.

"எத்தனை எச்.பி. அண்ணே?" என்று மெக்கானிக் கேட்டார். மாமா "நாற்பத்தஞ்சு" என்றார். "பின்னாடி பி.டி.ஓ.வுக்கு நாப்பது வரும்னு வைங்க. எத்தனை சுத்துல ஓட்டுறீங்க? அதுதான் முக்கியம்" என்றார் அவர். எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து இயற்பியல் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் புரிந்தது.

திறன் = திருப்பு விசை × கோணத் திசைவேகம். நாம் மனப்பாடம் செய்த அதே சூத்திரம்தான்! ஷாஃப்டை முறுக்குவது எச்.பி. அல்ல, திருப்பு விசை. ஒரே திறனை மெதுவாகச் சுற்றி அனுப்பினால் திருப்பு விசை கூடும், வேகமாகச் சுற்றினால் குறையும்.

கணக்குப் போடுவோமா? 40 எச்.பி. என்றால் 40 × 746 = 29,840 வாட். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. கோணத் திசைவேகம் 9 × 2 × 3.14 = 56.5. வகுத்தால் சுமார் 528 நியூட்டன் மீட்டர்.

இப்போது பந்தயக் காருக்கு வருவோம். நம்ம மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து கார் பந்தயத் தளம் இருக்கு, தெரியுமா? 120 எச்.பி. எஞ்சின் 6000 சுற்றில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். திருப்பு விசை வெறும் 143-தான் வரும். ஆனால் முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்கினால், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுக்கு 500 வந்துவிடும். பாருங்கள், மூன்று மடங்கு குதிரை உள்ள காரும் சேற்றில் ஓடுகிற நம்ம டிராக்டரும் ஷாஃப்டுக்குக் கொடுக்கும் முறுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்! (கிளட்சைப் பட்டென்று விட்டால் இன்னும் ஏறும். அதனால் கணக்கில் வந்ததைவிட நன்றாக அதிகம் தாங்குவதைத்தான் எடுக்க வேண்டும்.)

அப்படியானால் டிராக்டர் ஷாஃப்டைக் காரில் மாட்டலாமா? கூடாது. டாப் கியரில் கார் ஷாஃப்ட் எஞ்சின் வேகத்திலேயே சுற்றும், வினாடிக்கு 100 சுற்று. நீளமான ஷாஃப்ட் அந்த வேகத்தில் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வளைந்து உதறும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் வேகம் கால்வாசிதான். பஸ் நிற்கும்போது அடியில் எட்டிப் பாருங்கள், ஷாஃப்டை இரண்டு துண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் வைத்திருப்பார்கள். பந்தயக் காருக்குக் கனம் குறைந்த, அகலமான குழாய் எடுப்பார்கள். கார்பன் ஃபைபரிலும் செய்கிறார்கள். கெட்டிக் கம்பி ஏன் இல்லை என்றால், முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்பக்கத்து உலோகம்தான். நடுவில் இருப்பது சும்மா பாரம்.

சரி, மாமாவின் ஷாஃப்ட் ஏன் முறுக்கியது? அதன் நுனியில் ஒரு போல்ட் உண்டு. கல்லோ வேரோ மாட்டினால் அது அறுந்து மற்றதைக் காப்பாற்றணும். அடிக்கடி அறுகிறதே என்று மாமா நல்ல கெட்டி போல்ட்டாகப் போட்டுவிட்டார்! வரப்போரம் வேர்க்கட்டையில் மாட்டியபோது போல்ட் அசையவில்லை, குழாய்தான் போச்சு. இருபது ரூபாய் போகவேண்டிய இடத்தில் ஆயிரக்கணக்கில் செலவு.

மெக்கானிக் அண்ணன் பழைய ஷாஃப்டின் நீளம், கிராஸ் அளவு எல்லாம் அளந்தார். ஒன்றுக்குள் ஒன்று போகும் குழாய் குட்டையானால் கழன்றுவிடும், நீளமானால் ரோட்டாவேட்டரைத் தூக்கும்போது முட்டி கியர் பாக்ஸைக் குத்தும் என்றார்.

புது ஷாஃப்டுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் கவர் வந்தது. "சேறு அடைக்கும், கழட்டிடலாம்" என்றார் மாமா. நான் நோட்டில் போட்டுக் காட்டினேன். ஷாஃப்ட் தடிமன் 7 செ.மீ., சுற்றளவு 22 செ.மீ., வினாடிக்கு 9 சுற்று. அப்படியென்றால் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 2 மீட்டர் துணியைச் சுருட்டி இழுத்துக்கொள்ளும். மாமா தோளில் கிடந்த துண்டு ஒன்றரை மீட்டர்தான்.

அவர் துண்டை எடுத்து ஒரு தடவை பார்த்தார். கவரை இன்னும் கழற்றவில்லை.