தம் கட்டினாலும் நிற்காத சுவாசம்

1797-இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுதாக ஆறு நிமிடம் கடலடியில் இருந்தார் என்று, ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படைத் தலைவர் 1803-இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை வேடிக்கை பார்த்த வெளிநாட்டார் நிமிடக் கணக்கில் தாராளமானவர்கள். கடலடிச் சிப்பிப் படுகைகளான பார்களில் இறங்கிச் சிப்பி பொறுக்கியவர்கள் பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் மேலே வந்துவிட்டவர்கள்தான். தூத்துக்குடியில் அந்தக் குளிப்பு 1961-ஓடு முடிந்துபோனது. மூச்சைப் பற்றிய நம்பிக்கைகள் மட்டும் முடியவில்லை. பள்ளிப் பாடத்தைப் பாதி நினைவில் வைத்துக்கொண்டு சிலவற்றை நாமே வளர்த்தும் விட்டிருக்கிறோம்.

நம்பிக்கை: மூச்சை அடக்கினால் சுவாசமும் நின்றுவிடும்.

நிற்பது நெஞ்சுக்கூட்டின் ஏற்ற இறக்கம் மட்டும்தான். உண்மையான சுவாசம் நடக்கும் இடம் நுரையீரல் அல்ல, செல். சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸ் முதலில் செல்லின் குழம்பில் இரண்டாக உடைகிறது. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, கிடைக்கும் லாபமும் சொற்பம். உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனபின் அவற்றின் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகக் கழிகிறது. உருவிய எலெக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதங்களின் வழியே கைமாறிக் கைமாறிப் போகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளித் தேக்குகிறது. பாபநாசத்தில் தேக்கிய தாமிரபரணி இறங்கும்போது விசையாழி சுழல்வதுபோல, புரோட்டான்கள் திரும்பி இறங்கும்போது ஒரு புரதம் நிஜமாகவே சுழன்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது. புரோட்டான் தேக்கமே ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது என்று உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னதும் 1961-இல்தான். பலர் நம்பவில்லை.

ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1929-இல் செய்த வேலை அது. நம் பாடநூல்கள் அவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கலாம். மும்முரமாக உழைக்கும் தசையில் ஏ.டி.பி. இருப்பு சில நொடிகளுக்கே காணும். அதனால்தான் தம் கட்டிய ஆளுக்குள்ளும் உற்பத்தி ஒரு கணமும் ஓய முடியாது.

இதில் ஆக்சிஜனுக்கு உள்ள வேலை கடைசியில்தான் வருகிறது. அலைந்து வந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அது தண்ணீராகிறது. உள்ளிழுத்த ஆக்சிஜனே கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது என்று பலர் நினைப்பது தவறு. வெளியேறும் வாயுவின் ஆக்சிஜன், உணவிலிருந்தும் செல்லில் உள்ள நீரிலிருந்தும் வந்தது.

நம்பிக்கை: ஆக்சிஜன் தீர்வதால்தான் மூச்சு முட்டுகிறது, இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அதிக நேரம் தாங்கலாம்.

இது ஆளைக் கொல்லும் நம்பிக்கை. மூச்சு முட்டவைப்பது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு வாங்குவதால் ஆக்சிஜன் இருப்பு கூடுவது மிகக் குறைவு, ஏனென்றால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு நிரம்பியிருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. அதாவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறோம். ஆழத்தில் நீரழுத்தம் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்; மேலேறும்போது அழுத்தம் சட்டென்று குறைய, கரையைக் கண்ணால் பார்த்தபடியே நினைவு தப்பும். கிணற்றில் தம் கட்டிப் பந்தயம் வைக்கும் பையன்களுக்கும் இதே ஆபத்துதான்.

அப்படியென்றால் பெர்சிவல் சொன்ன ஆறு நிமிடம்? சும்மா இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் செலவழிக்கிறார். நுரையீரல், இரத்தம், தசை எல்லாவற்றிலும் சேர்த்து இருப்பு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அசையாமல் மிதக்கும் போட்டிகளில் பயிற்சி பெற்றவர்கள் பதினொரு நிமிடத்தையும் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் கையை வீசிச் சிப்பி பொறுக்குகிறவருக்கு ஆறு நிமிடம் என்பதை நான் நம்பமாட்டேன். கல்லைக் கட்டி இறங்குவதும், மேலே இருப்பவர் கயிற்றை இழுப்பதும் வெறும் வசதிக்காக வந்த வழக்கம் இல்லை. நீந்துவதில் கரையும் ஆக்சிஜனை அது மிச்சப்படுத்தியது. ஆஸ்திரேலிய முத்துக் குளிப்பாளர்களைச் சோதித்த உடலியல் ஆய்வாளர் ஷோலாண்டரின் குழு 1962-இல் வெளியிட்ட ஆய்வில், மூழ்கியவரின் இதயத் துடிப்பு குறைவதும், மேலே வந்தபின் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவதும் பதிவாகியுள்ளன. இரத்த ஓட்டம் குறைந்த கைகால் தசைகள், குளுக்கோஸை உடைத்து லாக்டிக் அமிலத்தில் முடிக்கும் ஆக்சிஜன் இல்லாத குறுக்கு வழியில் ஓடிக்கொண்டிருந்தன என்பது அதன் பொருள்.

நம்பிக்கை: மறுநாள் உடம்பு வலிக்குக் காரணம் அந்த லாக்டிக் அமிலம்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது காலி. இதயம் அதையே எரிபொருளாக்கிக்கொள்ளும், கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கும். மறுநாள் வலிப்பது தசைநார்களில் விழுந்த நுண்ணிய சேதம்.

நம்பிக்கை: வாயை மூடிய சிப்பிக்கு மூச்சே இல்லை.

மழைத்துளி விழுந்து முத்தாகும் கதையை இங்கே கிளறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி 1973-இல் வேப்பலோடையில் முத்து வளர்த்துக் காட்டியதோடு அதற்கு விடை கிடைத்துவிட்டது. மூடிய ஓட்டுக்குள் நடப்பது அதைவிடச் சுவையானது. சிப்பி இனங்கள் செலவை வெகுவாகச் சுருக்கிக்கொண்டு, லாக்டிக் அமிலத்துக்குப் பதில் சக்சினேட், அலனின் போன்றவற்றில் கணக்கை முடிக்கின்றன. நம் குறுக்கு வழியைவிட இதில் ஏ.டி.பி. சற்றுக் கூடுதல். சேரும் அமிலத்தை ஓட்டின் சுண்ணாம்பே கரைந்து தணிக்கிறது. மனிதனுக்கு ஒன்றரை நிமிடத்தில் தீரும் சங்கதியைச் சிப்பி மணிக்கணக்கில் இழுத்தடிக்கும்.

நம்பிக்கை: உப்பளப் பாத்தியில் தெரியும் செந்நிறம் வெறும் அழுக்கு.

அது சுவாசிக்கும் உயிர். உப்பு முற்றிய நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையாது. அங்கே வாழும் ஹாலோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் கிடைக்கும்போது நம்மைப்போல் சுவாசிக்கின்றன. குறைந்தால் பாக்டீரியோரோடாப்சின் என்ற ஊதா நிறப் புரதத்தால் வெயிலை வாங்கிப் புரோட்டானைத் தள்ளுகின்றன. மிட்செலை நம்பாதவர்களுக்குப் பதில் சொன்னதும் இந்தப் புரதம்தான். 1974-இல் எஃப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கேனியஸும் இதையும், மாட்டு இதயத்து மைட்டோகாண்ட்ரியாவில் எடுத்த சுழலும் புரதத்தையும் ஒரே கொழுப்புக் குமிழில் பொதித்து வெளிச்சம் காட்டினார்கள். உணவும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை, ஏ.டி.பி. உருவானது. நான்கு ஆண்டு கழித்து மிட்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.