தீராத நோய்க்கு ஸ்கேன் எதற்கு?

நம்பிக்கை: மாலைக்கண் என்றால் சத்துக் குறைவு. கேரட்டும் கீரையும் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

உண்மை: வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண் சரியாகும். ஆனால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயும் மாலைக்கண்ணாகத்தான் தொடங்குகிறது. உலகில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் அழிவதே மாலைக்கண்ணுக்குக் காரணம். கீரை அவற்றை மீட்காது. ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை நோயில் வைட்டமின் ஏ மாத்திரை கெடுதலே செய்யலாம். ஏபிசிஏ4 என்ற மரபணுவின் பழுதால், அந்த வைட்டமினிலிருந்து உண்டாகும் கழிவு விழித்திரையில் தேங்கிக்கொண்டே போகிறது. டாக்டரைக் கேட்காமல் பிள்ளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை, இது பரம்பரை நோயாக இருக்காது.

உண்மை: தாயும் தகப்பனும் ஒரே மரபணுவில் ஆளுக்கொரு பழுதைச் சுமந்துகொண்டு நல்ல பார்வையோடு வாழலாம். இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேரும்போது நோய் தலைகாட்டும். சொந்தத்தில் கல்யாணம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. அசலில் முடித்தவர்களின் பிள்ளைகளுக்கும் வரலாம். இதற்காக மருமகளைப் பழிப்பது பெரிய அநியாயம்.

நம்பிக்கை: தீராத நோய்தானே, ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

உண்மை: இருப்பதிலேயே அதிகத் தீங்கு செய்வது இந்த எண்ணம். 1991-இல் அறிமுகமான ஓசிடி ஸ்கேன் ஊசியோ வலியோ இல்லாமல், ஒளியைக் கொண்டே விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ள பலருக்கு விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். பார்வை இன்னும் மங்கியதும், "நோய் முற்றிவிட்டது" என்று வீட்டில் மனமொடிந்துபோகிறார்கள். அந்த நீரை ஓசிடி காட்டிக்கொடுத்தால், சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ பலருக்கு அதைக் குறைக்க முடிகிறது.

மரபணு சிகிச்சைக்கும் ஸ்கேன் வேண்டும். ஆர்பிஇ65 மரபணுப் பழுதுக்கான லக்ஸ்டர்னா மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. உயிரோடிருக்கும் செல்களில்தான் அது வேலை செய்யும். அவை போதுமான அளவு மிஞ்சியிருக்கின்றனவா என்று பார்க்க ஓசிடி உதவுகிறது.

நம்பிக்கை: படத்தைப் பார்த்தே எந்த மரபணு என்று சொல்லிவிடலாம்.

உண்மை: படம் சந்தேகத்தைக் கிளப்பும்; உறுதிசெய்வது மரபணுப் பரிசோதனை. அதற்குப் போகும்போது பழைய ஸ்கேன்களையும் கொண்டுபோங்கள். ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் நோய் எவ்வளவு வேகமாக முற்றுகிறது என்று டாக்டருக்குத் தெரியும். கூடப் பிறந்தவர்களையும் ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.