மடிநோய்க்குப் பூண்டு போதுமா?

மதுரை, மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் கறவை மாடு வளர்ப்போர் மடிநோயில் கவனமாக இருத்தல் வேண்டும். இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முக்கியமானது. ஆய்வுக்கூடத்தில் இதன் வளர்ச்சியைப் பச்சைப் பூண்டுச் சாறு தடுக்கிறது. பூண்டை நசுக்கும்போது அல்லினேஸ் என்னும் நொதி, அல்லீனை அல்லிசினாக மாற்றுவதே காரணம். 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கவலிட்டோ, பெய்லி ஆகியோர் அல்லிசினைப் பிரித்தெடுத்தனர். நசுக்காமல் வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும்.

ஆனால், ஆய்வுத் தட்டில் பலன் தருவது மடிக்குள்ளும் பலன் தரும் என்று கொள்ளலாகாது. பச்சைப் பூண்டு விழுது காம்பின் தோலைப் புண்ணாக்கக்கூடும். மடி வீங்கினாலோ பால் திரிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். தாமதித்தால் அக்காம்பில் பால் நிரந்தரமாக நின்றுவிடலாம். கறவைக்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடைப்பது நல்ல தடுப்பு முறையாகும்.