கொள்முதல் நாளில் எங்கே சாப்பிடுவது?



துவரம் பருப்பு மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறையுமா என்று நான்கு கடை ஏறி இறங்கும் நாம், அன்றைய மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுவது என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பதில்லை. பசி கண்ணை மறைக்கும் நேரத்தில் எதிரே எந்தப் பலகை தெரிகிறதோ அங்கே நுழைகிறோம். இல்லையென்றால் சாப்பிடாமலேயே ஊர் திரும்புகிறோம். இரண்டும் தவறு. சரக்கு வாங்க ஒரு முறை இருப்பதுபோல், சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு முறை உண்டு. அதை இங்கே பாடமாகத் தொகுத்திருக்கிறோம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் கொள்முதல் நேரம். திருவொற்றியூரில் உள்ள நம் மொத்த மளிகைக் கடைக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சில்லறை வணிகர் வந்திருந்தார். நம்மிடம் இருபது ஆண்டு வரவு செலவு உள்ளவர். காலையில் சவுகார்பேட்டை வேலையை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம்.

"ஆச்சு அண்ணாச்சி, நீங்க பில்லைப் போடுங்க" என்றார்.

பில் போடும் வேகத்தில் அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. ஒன்றரை மணிக்கு மூட்டைகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது; கை நடுங்கியது; கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் ஏதோ பதில் சொன்னார்; அப்படியே படியில் சாய்ந்துவிட்டார். மாரடைப்போ என்று நாம் பதறினோம். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர்தான், "சர்க்கரை குறைஞ்சுபோச்சு முதலாளி, எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வரும்" என்று உள்ளே ஓடினார். பிரித்து வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் வணிகர் தெளிந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், இரண்டு டீயைத் தவிர வேறெதுவும் வயிற்றுக்குக் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் "ஆச்சு" என்று சொன்னது டீயை.

சர்க்கரை மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்த கடையின் படியில், உடம்பில் சர்க்கரை குறைந்து ஒருவர் விழுந்தார். அவர் எந்த மாதத்தில் எத்தனை மூட்டை எடுப்பார் என்பது நமக்கு மனப்பாடம். அவருக்கு நீரிழிவு உண்டு என்பது தெரியாது. அந்த வெட்கத்தில் கற்ற பாடங்கள்தான் இவை.

முதல் பாடம்: நேரத்தை முதலில் ஒதுக்குக

வெளியூரிலிருந்து சென்னைக்கு வருவோரின் நாள் முன்பைவிடச் சுருங்கிவிட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நிற்கின்றன. ஆந்திரப் பக்கம் செல்லும் பேருந்துகளுக்கு 2018இல் மாதவரம் நிலையம் வந்தது. இறங்கிய பிறகும் பாரிமுனைக்கு ஒரு பயணம் மிச்சம் இருக்கிறது. ஆகவே இறங்கிய இடத்திலேயே காலை உணவை முடித்துக்கொள்வது உத்தமம். கடைத்தெருவுக்குள் நுழைந்துவிட்டால் பேரம் சாப்பாட்டை விழுங்கிவிடும்.

சரக்குச் சீட்டு எழுதும்போதே "12.30 சாப்பாடு" என்று அதில் ஒரு வரி எழுதுங்கள். காலையில் சவுகார்பேட்டை, மதியத்துக்கு மேல் வடக்கே வேலை என்றால், இடைப்பட்ட பயணத்தையே சாப்பாட்டு இடைவேளையாக வைத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. மண்ணடியில் ஏறினால் நெரிசலில் சிக்காமல் திருவொற்றியூர் வந்துவிடலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப் போடவே கூடாது. பயண நாளில் மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பையில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் பிஸ்கட்டும் இருக்கட்டும். திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, தெளிந்ததும் வயிறாரச் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே 108க்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாடம்: யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க

கூட்டம் இருக்கும் கடையில் சாப்பிடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும்.

வடிவுடையம்மன் கோயிலுக்குப் பௌர்ணமி அன்று பெருங்கூட்டம் வரும். மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் ஆகிய மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்க வருவோர் பலர். அன்றைக்கு எல்லாக் கடையிலும் கூட்டம்தான். நாளைக்கு அவர்கள் வரப்போவதில்லை. இன்று சாம்பார் நீர்த்துப் போனாலும் கடைக்காரருக்கு நஷ்டமில்லை. பேருந்து நிலைய வாசலிலும் ரயில் நிலைய வாசலிலும் இதே கதைதான்.

அதே திருவொற்றியூரில் வேறொரு கூட்டமும் உண்டு. 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கிய ஊர் இது. 1950களில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை வைத்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. இப்படி ஷிப்டு மாற்றி ஷிப்டு ஆள் வரும் பகுதியில், ஆலைத் தொழிலாளரையும் லாரி ஓட்டுநரையும் நம்பி நடக்கும் மெஸ்களின் கணக்கே தனி. நேற்று வந்தவரே இன்றும் வருவார். ஒரு நாள் அவர் வயிற்றைக் கெடுத்தால் மறுநாள் முதல் அந்த ஷிப்டே வேறு கடைக்குப் போய்விடும்.

ஆகவே நாம் பார்ப்பது இதைத்தான். சாப்பிட வந்தவர் சொல்வதற்கு முன்பே அவர் இலையில் எது விழ வேண்டும் என்று பரிமாறுபவருக்குத் தெரிகிறதா? கல்லாவில் மாதக் கணக்கு எழுதும் நோட்டு இருக்கிறதா? கடன் நோட்டு இருக்கும் கடை என்றால், சாப்பிடுபவர் நாளையும் வருவார் என்று கடைக்காரரும், கடை நாளையும் நன்றாக இருக்கும் என்று சாப்பிடுபவரும் நம்புகிறார்கள் என்று பொருள். நம் தொழிலில் இதைவிடப் பெரிய நற்சான்று வேறென்ன இருக்கிறது?

1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறும் முன்பு, கொத்தவால் சாவடிக்கு விடியற்காலையில் போன காலத்திலும் நமக்கு இதுதான் வழி. மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களோ அங்கே நாமும் உட்காருவோம். உடம்பை நம்பிப் பிழைப்பவர் வயிற்றோடு விளையாட மாட்டார்.

மூன்றாம் பாடம்: பழைய சரக்கை ஒதுக்குக

நம் கடையில் பழைய சரக்குத் தேங்கினால் வண்டு விழும். சமைத்த உணவு தேங்கினால் கண்ணுக்குத் தெரியாத கிருமி பெருகும். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பம் அதற்கு உகந்தது. நம் ஊர் வெயிலில் மூடிவைத்த சோறும் குழம்பும் அந்த அளவில்தான் கிடக்கின்றன. ஆறிய சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. காலையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை மாலை நான்கு மணிக்கு வாங்குவது இதனால்தான் ஆபத்து. "சூடு பண்ணித் தருகிறேன்" என்ற உத்தரவாதம் இங்கே செல்லாது.

பெரிய அண்டாவில் ஒரே தடவை வடித்து வைத்த கடையைவிட, சிறிய பாத்திரம் காலியாகக் காலியாக உள்ளேயிருந்து புதிதாக வரும் கடை மேல். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் போய்விட வேண்டும். மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டால் கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் தோசை, ஆவி பறக்கும் இட்லி போன்றவை போதும்.

வடைச் சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் நகர்ந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உருவாகும் கேடான பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் போனால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. செய்தித்தாளில் எண்ணெய்ப் பலகாரம் மடிப்பதற்கும் தடை உண்டு. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்ததை நாம் அனைவரும் அறிவோம். விதியை மதித்து வாழை இலையில் கட்டித் தருபவரிடம் மற்ற ஒழுங்குகளும் இருக்கும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய பலகாரங்களைச் சுவைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் 1969இல் தொடங்கிய பர்மா பஜாரை ஒட்டி அத்தோவும் மொய்ங்காவும் மாலை நேரங்களில் விற்பனையாகின்றன. வாழைத்தண்டு சேர்ந்த மொய்ங்கா சூடான சாறு, துணிந்து குடிக்கலாம். அத்தோ, பச்சை முட்டைகோஸும் வெங்காயமும் போட்டுக் கையால் பிசைவது. கை சுத்தமும் விற்பனை வேகமும் உள்ள வண்டியில் மட்டும் வாங்குங்கள். காசிமேட்டு மீனும் அப்படித்தான். கண்ணெதிரே பொரித்ததை வாங்குங்கள்; பொரித்து அடுக்கியதை விட்டுவிடுங்கள்.

நான்காம் பாடம்: குடிப்பதில் கவனம்

சாப்பாட்டில் தப்பித்தவர்கள் தண்ணீரில் மாட்டிக்கொள்வார்கள். வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீருக்கு ஈடில்லை. வாங்குவதானால் மூடியின் முத்திரையையும் ஐ.எஸ்.ஐ. குறியையும் பாருங்கள். கொதித்த டீயும் கண்ணெதிரே வெட்டிய இளநீரும் நல்லவை. பழச்சாற்றில் பழம் நன்றாக இருந்தாலும் ஐஸ் எந்த ஐஸ் என்பது தெரியாது. மீன் பிடித் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் மீனுக்கென்றே ஐஸ் கட்டிகள் தயாராகின்றன. அவை குடிப்பதற்கு உரியவை அல்ல. உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. "ஐஸ் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கவலையில்லை.

டீ, சாப்பாட்டுக்கு ஈடாகாது என்பதை மேலே சொன்ன நிகழ்ச்சியே காட்டும். பணமும் சரக்குச் சீட்டும் மடியில் இருக்கும் நாளில் மதுவின் பக்கமே போக வேண்டாம் என்பதையும் மூத்தவர் என்ற முறையில் சொல்லி வைக்கிறோம்.

ஐந்தாம் பாடம்: பில்லை வாங்கி வைக்க

சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். காம்போசிஷன் முறையில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. இது நமக்கும் பொருந்தும் விதி. சேவைக் கட்டணம் என்று தானாகப் பில்லில் சேர்ப்பதை 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. டில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. விரும்பினால் கொடுக்கலாம்; கட்டாயமில்லை.

2022 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். வயிறு கெட்டால் புகார் செய்ய அந்தச் சீட்டு உதவும். ஒன்றை நினைவில் வையுங்கள்: கெட்ட உணவு சில மணி நேரத்திலும் வேலை காட்டும், இரண்டு மூன்று நாள் கழித்தும் வேலை காட்டும். கடைசியாகச் சாப்பிட்ட கடையின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

ஆறாம் பாடம்: இது நமக்கு

இதுவரை சொன்னவை சரக்கு வாங்க வருவோருக்கு. விற்கும் மொத்த வணிகர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. ஊருக்குப் புதியவருக்கு எந்தக் கடை நல்ல கடை என்று எப்படித் தெரியும்? அவருக்கு இந்த ஊரில் தெரிந்தவர் நாம்தான். நம் கடைச் சீட்டின் பின்புறம் அருகிலுள்ள மூன்று சாப்பாட்டுக் கடைகளின் பெயரை இப்போது எழுதிக் கொடுக்கிறோம். பன்னிரண்டரை மணிக்குப் பில் போடுவதை நிறுத்தி, வந்திருப்பவரைக் கடைப் பையனோடு சாப்பிட அனுப்புகிறோம். கல்லாவுக்குக் கீழே ஒரு டப்பாவில் சர்க்கரையும் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கின்றன. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மூட்டையின் லாபம்கூட இல்லை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணிகனுக்குக் கொடு என்ற பழமொழி நம்மை நம்பிச் சொன்னது. அந்த நம்பிக்கையைக் காப்பதும் நம் தொழில்தான்.

இன்னொரு மாற்றமும் செய்திருக்கிறோம். "சாப்பிட்டீங்களா?" என்று நாம் இப்போது கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் "ஆச்சு" என்றுதான் சொல்வார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறோம்.

அந்த ஊத்துக்கோட்டைப் பக்கத்து வணிகர் இன்றும் நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார். படி ஏறும்போதே, நாம் வாயைத் திறக்கும் முன், "நாலு இட்லி, ஒரு வடை அண்ணாச்சி, இப்ப பில்லைப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருகிறார்.