சைக்கிளோட்டம் ஒரு தொழிலாக: கீரிமலைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கீரிமலையில் சைக்கிள் ஓடத் தெரியாத பிள்ளை அரிது. ரியூஷனுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போகிறோம். ஆனால் "இதையே தொழிலாக எடுக்கட்டுமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் சிரிப்புத்தான் கிடைக்கிறது. எடுக்கலாம். அதற்குத் திட்டம் வேண்டும்.

நமக்கு முன்னோடியும் இருக்கிறார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாமல் சைக்கிள் ஓடியவரும் அவர்தான். அவர் ஒரு சட்டத்தரணியாகவும் இருந்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

வீதியா, ஓடுதளமா?

வீதியோட்டத்தில் பல மணி நேரம் தாங்கும் உடம்பு வேண்டும். ஓடுதளப் போட்டி சரிந்த வளையத்தில், பிரேக் இல்லாத சைக்கிளில் நடப்பது. அங்கே வெடித்துக் கிளம்பும் வேகமும் அடுத்தவரின் அசைவைப் படிக்கும் கண்ணும் வேண்டும். இரண்டையும் சேர்த்து வாழ்ந்தவர்கள் உண்டு. செக் நாட்டின் அலோயிஸ் கான்கோவ்ஸ்கி 2007இல் ஓடுதளத்தில், பல பந்தயங்கள் சேர்ந்த ஓம்னியம் பிரிவின் உலக வெற்றியாளர். வீதிப் பந்தயங்களிலும் இறுதி விரைவோட்டக்காரராகப் பல ஆண்டுகள் ஓடினார். ஓடுதளம் தந்த வேகமே வீதியின் கடைசி இருநூறு மீற்றரில் கைகொடுக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை 17, 18 வயதுக் கனிஷ்டப் பிரிவில் ஓடும்போதே கண்டுகொள்ளுங்கள்.

சம்பளம் யார் தருவது?

கான்கோவ்ஸ்கி ஓடிய டுக்லா பிராக், செக் இராணுவத்தின் விளையாட்டுக் கழகம். இலங்கையிலும் முப்படைகளின் அணிகளே முன்னணியில் நிற்கின்றன. பல ஆண்டுகள் தன் மண்ணைவிட்டு இடம்பெயர்ந்திருந்த ஊர் இது. அதனால் படையில் சேரும் வழியை எல்லோரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அது முழுக்க அவரவர் முடிவு.

வேறு கதவும் உண்டு. சுவிற்சர்லாந்தின் ஏகிள் நகரிலுள்ள உலக சைக்கிளோட்ட மையம், வசதி குறைந்த நாடுகளின் இளைஞரைப் பயிற்றுகிறது. எரித்திரியாவின் பினியம் கிர்மாய் அங்கே பயின்றவர். 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையும் அணிந்தார். அந்தமானின் எசோவ் அல்பன் 2018இல் அதே ஏகிளில் நடந்த கனிஷ்ட உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அந்தக் கதவைத் தட்ட முதலில் தேசிய மட்டத்தில் பெயர் வர வேண்டும்.

இன்றே தொடங்குங்கள்

*காற்றைப் பயிற்சியாளராக்குங்கள்.* நமக்கு மலை இல்லை, காற்று இருக்கிறது. சமதரையில் வேகம் கூடக்கூட உங்கள் பலத்தின் பெரும்பகுதியைத் தின்பது அதுதான். சோளகம் வீசும் மாதங்களில் மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம் வழியாகத் தெற்கே மிதியுங்கள். வாடைக் காலத்தில் திரும்பி வரும் பாதை அதே வேலையைச் செய்யும். நாலுபேராகப் போனால் ஒருவர் பின் ஒருவராய் ஒட்டி ஓடி, முன்னே நிற்பதை முறைவைத்து மாற்றுங்கள். அணியோட்டத்தின் அரிச்சுவடி அதுதான்.

*சைக்கிளைப் பாருங்கள்.* குதிக்காலைப் பெடலில் வைத்து அடியில் இறக்கினால் முழங்கால் நேராக வேண்டும். இருக்கையின் உயரம் அதுவே. ஓடி வந்ததும் ரயரைச் சுற்றி மெதுவாகத் துணியால் தடவுங்கள், புதைந்த கண்ணாடித் துண்டு இழுபட்டுக் காட்டிக்கொடுக்கும். உப்புக்காற்று செயினைத் தின்னும். துடைத்து, கணுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தலைக்கவசம் இல்லாமல் வீதிக்கு இறங்கவே வேண்டாம்.

*சாப்பாடு.* புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே புட்டும் வாழைப்பழமும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சட்டைப்பையில் பனங்கட்டி இருக்கட்டும். பசிக்குமுன் கடியுங்கள், பசித்த பிறகு கால் திரும்பாது.

படிப்பை விடாதீர்கள்

ஒரு விழுகை, ஒரு முறிந்த தோள் எலும்பு, அந்த வருடமே போய்விடும். சாதாரண தரமும் உயர்தரமும் முடித்தவருக்குத் திரும்பி வர இடமிருக்கும். பயிற்றுநர், போட்டி நடுவர், உடற்கல்வி ஆசிரியர், பந்தய சைக்கிள் திருத்துநர், சுற்றுலாப் பயணிகளைச் சைக்கிளில் அழைத்துச் செல்லும் வழிகாட்டி என எல்லாமே இந்தத் துறைக்குள் இருக்கும் வேலைகள். ஓடிப் பழகியவருக்கு இவை பாதி தெரிந்த வேலைகள்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

எந்தப் பயிற்றுநரும் முதலில் கேட்பது உங்கள் நேரத்தை. மாதம் ஒருமுறை, ஒரே வீதியில், ஒரே தூரத்தை முழுப் பலத்தோடு ஓடுங்கள். திகதி, தூரம், நேரம், காற்றின் திசை, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரு வருடக் கொப்பி, "நான் நல்லா ஓடுவன்" என்ற வாக்கைவிடக் கனமானது.

ஓடி முடித்துக் கீரிமலைக் கேணிக்கு வந்ததும் நேரே தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். அந்த ஊற்று நீர் களைப்பைக் கழுவிவிடும், கூடவே நினைவில் இருந்த நேரமும் போய்விடும். முதலில் படியில் உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு குளியுங்கள்.